ஓர் அடிக்கு ஓர் அங்குலம்

சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவில் இருக்கும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் அருங்காட்சியகத்துக்குத் தமிழர்கள் தேடிப் போக இரண்டு காரணங்கள் உண்டு. 1893 செப்டம்பர் 11 அன்று சர்வசமயப் பேரவையில் விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் சென்னையில் பணம் திரட்டி அவரை அனுப்பிவைத்த கதை நமக்குத் தெரியும். அடுத்தது, நாகப்பட்டினத்திலிருந்து போன சோழர் காலத்துக் கருங்கல் புத்தர். இரண்டையும் கண்குளிரப் பார்த்துவிட்டு, வாசலில் நிற்கும் வெண்கலச் சிங்கங்களோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

மூன்றாவது காரணம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. என்னை அங்கே அழைத்துப் போனவர் என் அக்காவின் கணவர். தேவகோட்டைப் பக்கம் பிறந்து, அமெரிக்காவில் கட்டுமானத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருடைய பொழுதெல்லாம் கராஜில் கழிகிறது. கண்ணாடி முகப்பு வைத்த ஆழமான பெட்டிக்குள் மரத்தால் சின்னஞ்சிறு வீடுகளைக் கட்டுகிறார். ஷேடோ பாக்ஸ் டயோரமா என்று இதற்குப் பெயர். “என் வேலையைப் பார்க்குறதுக்கு முன்னாடி நீ தார்ன் அறைகளைப் பார்த்துடணும் மாப்ளே” என்று சொல்லித்தான் காரைக் கிளப்பினார்.

68 அறைகள்

படியிறங்கியதும் வெளிச்சம் குறைகிறது. கூடத்துச் சுவர்களில் வரிசையாகக் கண்ணாடி பதித்த திறப்புகள். ஒவ்வொரு திறப்புக்குள்ளும் ஒரு முழு அறை. மொத்தம் 68. அவற்றில் 37 அமெரிக்க அறைகள். மற்றவை பெரும்பாலும் ஐரோப்பிய வீடுகளின் அறைகள்; சீன அறை ஒன்றும் ஜப்பானிய அறை ஒன்றும் அவற்றோடு இருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1930-கள் வரை மனிதர்கள் எப்படிப்பட்ட கூரைக்குக் கீழே உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், படித்தார்கள் என்று இந்தச் சுவரை ஒட்டி நடந்தே தெரிந்துகொள்ளலாம்.

எல்லா அறைகளுக்கும் அளவு ஒன்றுதான்: ஓர் அடிக்கு ஓர் அங்குலம். எட்டடி உயரக் கூரை இங்கே எட்டு அங்குலம். தரையிலிருந்து 18 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டிய நாற்காலி இருக்கை ஒன்றரை அங்குலம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைவதால், கன அளவு 1,728-இல் ஒரு பங்காகிவிடுகிறது. அந்த நாற்காலியைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. கண்ணாடி தடுக்கிறது.

“முதல்ல சாமான்களைப் பார்க்காதே. வெளிச்சம் எங்கேயிருந்து வருதுன்னு பாரு” என்றார் அத்தான்.

பார்த்தேன். எந்த அறையிலும் விளக்கின் குமிழ் கண்ணில் படவில்லை. ஜன்னல் வழியாக வெளிச்சம் வருகிறது. ஓர் அறையில் காலை வெயில். இன்னொன்றில் பொழுது சாயும் நேரத்து மஞ்சள். ஜன்னலுக்கு வெளியே தோட்டமோ தெருவோ மதிலோ தெரிகிறது. அதுவும் தனியாக ஓவியம் தீட்டி, செடி வைத்து, பின்னாலிருந்து விளக்கேற்றிச் செய்தது. பல அறைகளில் பக்கத்துக் கதவு திறந்து கிடக்க, அடுத்த அறையின் ஒரு மூலை தெரிகிறது. அந்த மூலைக்கு அப்பால் வீடு இன்னும் நீள்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. எல்லாம் ஒரு பெட்டிக்குள் இருப்பதை மறந்து, கழுத்தைச் சாய்த்து அந்தக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க முயன்றேன். பக்கத்தில் நின்ற ஒரு சிறுமியும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

அறைகளில் மனிதப் பொம்மை கிடையாது. ஆள் உருவம் வைத்தால் அதுவே பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும்; அறையும் பொம்மை வீடாகிவிடும். ஆள் இருந்த அடையாளத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள். விரித்து வைத்த புத்தகம், பாதியில் விட்ட கைவேலை. இப்போதுதான் யாரோ எழுந்து உள்ளே போயிருக்கிறார்கள்.

வேலை இழந்த கைகள்

இவற்றை உருவாக்கியவர் நார்சிசா நிப்ளாக் தார்ன் என்ற பெண்மணி. 1882-இல் இந்தியானா மாநிலத்தின் வின்சென்ஸில் பிறந்தார். கடற்படை அதிகாரியாக இருந்த அவருடைய சித்தப்பா, போகிற நாடுகளிலிருந்தெல்லாம் சிறு உருவப் பொருள்களை அனுப்பிவைப்பார். அந்தச் சிறுமியின் சேமிப்பு அப்படித் தொடங்கியது. பின்னாளில் மாண்ட்கமரி வார்டு என்ற பெரும் வணிக நிறுவனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். பணம் இருந்தது, பயணம் இருந்தது, பழைய வீடுகளை உற்றுப் பார்க்கும் கண்ணும் இருந்தது.

காலமும் சேர்ந்துகொண்டது. 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் சிகாகோவின் கட்டட வேலைகள் படுத்துவிட்டன. மாளிகைகளுக்குக் கதவும் படியும் இழைத்த தச்சர்கள், வரைபடம் போட்ட கட்டடக் கலைஞர்கள், உலோக வேலைக்காரர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். 1932 தொடங்கி 1940 வரை அப்படிப்பட்ட தேர்ந்த கலைஞர்களை வைத்து அவர் இந்த அறைகளைச் செய்வித்தார். திட்டம் அவருடையது, கை அவர்களுடையது. விரிப்புகளின் பூவேலையைத் தையல் தேர்ந்த பெண்கள் செய்தார்கள். யூஜீன் குப்ஜாக் என்ற இளைஞர், தாம் செய்த சின்ன நாற்காலியைத் தார்னுக்கு அனுப்பி வேலை கேட்டார். அமெரிக்க அறைகளில் அவருடைய கைவண்ணம் நிறைய உண்டு. பிறகு வாழ்நாள் முழுவதும் அதுவே அவருடைய தொழிலாயிற்று.

முதலில் செய்த அறைகள் 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போயின. அவற்றில் பெரும்பகுதி இன்று ஃபீனிக்ஸ், நாக்ஸ்வில் நகரங்களின் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அடுத்துச் செய்த ஐரோப்பிய, அமெரிக்க வரிசைகள் 1939-இல் சான் பிரான்சிஸ்கோவிலும் 1940-இல் நியூயார்க்கிலும் கூட்டம் கூட்டின. அவைதாம் இங்கே நிரந்தரமாகத் தங்கியிருக்கின்றன. தார்ன் 1966-இல் காலமானார்.

இதே சிகாகோவில், 1878-இல் பிறந்த இன்னொரு செல்வச் சீமாட்டி ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ. அவரும் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற இதே அளவில், 1940-களில், தச்சர் ஒருவரின் துணையோடு பெட்டிக்குள் அறைகளைச் செய்தார். ஆனால் அவர் செய்தவை மரணம் நிகழ்ந்த அறைகள். தடயத்தை எப்படி உற்றுப் பார்ப்பது என்று காவல்துறையினருக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தவை. அவற்றில் 18 இன்றும் பால்டிமோரில், மேரிலாந்து மாநிலத் தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் பயிற்சிக்கு உதவுகின்றன. நோக்கம் வேறு, மனநிலை வேறு. ஆனாலும் அளவு பிசகினால் பார்ப்பவர் நம்பமாட்டார் என்பதை இரண்டு பெண்களும் அறிந்திருந்தார்கள்.

தச்சரின் கண்ணோடு

மறுபடி முதல் அறையிலிருந்து தொடங்கினோம். இந்த முறை மரத்தை மட்டும் பார்க்க.

1675-1700 காலத்து மாசசூசெட்ஸ் வீட்டின் கூடமும் அடுப்படியும் சேர்ந்த அறை. கூரையில் உத்திரங்கள் மறைப்பில்லாமல் தெரிகின்றன. ஒவ்வொரு விட்டமும் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, எந்தச் சுமையை எங்கே இறக்குகிறது என்று கண்ணாலேயே தொடர முடிகிறது. ஒப்புக்கு ஒட்டிவைத்த விட்டம் ஒன்றுகூட இல்லை. 1800-ஐ ஒட்டிய ஷேக்கர் சமயத்தாரின் கூடத்தில் அலங்காரமே கிடையாது. சுவரில் ஓடும் மரச்சட்டத்தில் வரிசையாக முளைகள், நேர்க்கோட்டில் செய்த நாற்காலிகள். பூவேலை எதுவும் இல்லாததால் ஒவ்வொரு இணைப்பும் வெளியே தெரிகிறது; தச்சர் எதையும் ஒளிக்க முடியாது. இந்த அறையின் முன்னால் அத்தான் நெடுநேரம் நின்றார்.

டென்னஸி வீட்டின் நுழைவுக்கூடத்தில் வளைந்தேறும் மாடிப்படி. அமெரிக்காவின் ஏழாவது குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனின் ஹெர்மிடேஜ் மாளிகையைப் பார்த்துச் செய்தது. வளைந்த கைப்பிடியை முழு அளவில் செய்வதே தச்சருக்குச் சோதனை. ஜப்பானிய அறையின் தள்ளுகதவில், சன்னமான குச்சிகளைக் கட்டம் கட்டமாகக் கோத்துத் தாள் ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளின் வழியே வடியும் வெளிச்சத்தைப் பார்க்கவே ஒரு தனிப் பயணம் வரலாம்.

1752-ஆம் ஆண்டுப் பென்சில்வேனியா சமையலறை என்னை உலுக்கியது. மில்பாக் என்ற ஊரில் மாவரைப்பவர் ஒருவரின் வீடு அது. அந்த வீட்டின் அசல் மரவேலைப்பாடுகளே பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் தனி அறையாகக் காக்கப்படுகின்றன. அரசரும் தளபதியும் வாழ்ந்த வீட்டை மட்டும் அல்லாமல், மாவரைப்பவரின் அடுப்படியையும் அளந்து வைத்திருக்கிறார்கள்.

சின்ன அளவில் மரவேலை செய்வதன் பெரிய சிக்கலை அங்கேதான் அத்தான் விளக்கினார். “வீட்டைச் சின்னதாக்கலாம், மரத்தைச் சின்னதாக்க முடியாது. ஓக் மரத்துல கண்ணுக்குத் தெரியற துளை இருக்கும். ரேகையும் அகலமா ஓடும். அதை அப்படியே இங்கே வச்சா, அறைக்குள்ள நிக்கிற ஆளுக்கு அந்தத் துளை விரல் போற அளவுக்குத் தெரியும். அதனால ரேகை நெருக்கமா, துளை தெரியாம இருக்கிற மரமா தேடணும். பேரி, செர்ரி, பாக்ஸ்வுட், பாஸ்வுட். அதுக்கு ஓக் நிறம் ஏத்தணும்.”

“நம்ம தேக்கு?”

“அதுவும் ஆகாது மாப்ளே. தேக்கு ரேகையோட அழகே அது பெருசா ஓடுறதுதான். இங்கே அதுதான் தடங்கல். தேக்குக் கதவு செய்யணும்னா செர்ரி மரத்துல செய்யணும்.”

அடுத்தது பிசகு. நம் ஊர்த் தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். வீட்டு வேலையில் ஒரு நூல் தவறினால் இழைப்புளியால் இரண்டு தள்ளுத் தள்ளிச் சரிசெய்துவிடலாம். இந்த அளவில் ஒரு நூல் தவறினால், அசல் வீட்டில் ஒன்றரை அங்குலம் தவறியதற்குச் சமம். ஒன்றரை அங்குலம் கோணிய கதவை எந்த வீட்டுக்காரர் ஏற்றுக்கொள்வார்? பார்ப்பவருக்கு அளவு தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும். நம்பிக்கை போய்விடும்.

கராஜில் ஒரு தேவகோட்டை வீடு

அத்தானின் கராஜில் கார் நிற்க இடமில்லை. சுவரோரம் நீண்ட மேசை. அதன் மேல் ஒன்றரை அடி ஆழமுள்ள பிளைவுட் பெட்டி, முன்பக்கம் கண்ணாடி, மேலே திறக்கும் மூடி. உள்ளே அவருடைய தாத்தா வீடு. செட்டிநாட்டு மாளிகை அன்று. ஒரு முற்றம், சுற்றித் தாழ்வாரம், நாட்டு ஓடு வேய்ந்த நடுத்தர வீடு. முன் தாழ்வாரத்தில் நின்று முற்றத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் பார்ப்பதுபோல் அமைத்திருக்கிறார்.

வீடு கட்டுகிற வரிசையிலேயே இதையும் கட்டுகிறார். முதலில் தரை. பிறகு கல் பாதம், தூண், தூணின் மேல் போதிகை, போதிகையின் மேல் உத்திரம். உத்திரத்திலிருந்து சரிந்து இறங்கும் கைமரங்கள், அவற்றின் குறுக்கே ரீப்பர், கடைசியில் ஓடு. “சும்மா அட்டையில சரிவு வெட்டி ஓட்டை ஒட்டினா, கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கறப்ப பொய்யாத் தெரியும். தாழ்வாரத்துல படுத்துப் பார்த்தவனுக்கு ஓட்டோட அடிப்பக்கம்தான் வீடு” என்றார். குனிந்து பார்த்தேன். கைமரங்களின் இடையே ஓட்டின் அடிவயிறு தெரிந்தது.

ஆறு அங்குலத் தூண் இங்கே அரை அங்குலம், அதாவது நான்கு நூல். உருண்டைக் கம்பை டிரில் இயந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, உப்புத்தாள் பிடித்தே கடைந்திருக்கிறார். நிலைக்குக் கழுந்து செதுக்கித் துளையில் இறக்கியிருக்கிறார். பசையை மட்டும் நம்பவில்லை. வெட்டுவதற்குப் பல் நெருக்கமான சிறு ரம்பம், செங்கோணம் தவறாமல் வெட்ட ஒரு மைட்டர் பெட்டி, கூரான கத்தி, எஃகு ஸ்கேல், இடுக்கி. இணைப்பை இறுக்கிப் பிடிக்கத் துணி காயவைக்கும் கிளிப். மொத்தப் பட்டறையும் ஒரு டிபன் கேரியரில் அடங்கிவிடும்.

மரங்களில் அவர் அதிகம் எடுப்பது பாஸ்வுட். பால்சா வெட்ட எளிது. ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும், ஓரம் நொறுங்கும். அதைக் கண்ணுக்குத் தெரியாத உட்பகுதிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார். ரேகையின் திசையில் அவர் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை. தூணில் மேலிருந்து கீழாக, உத்திரத்தில் நெடுக்காக, கதவுப் பலகையில் நிமிர்ந்து. அசல் மரம் எப்படி நின்றதோ அப்படி.

சாயம் ஏற்றுவதிலும் ஓர் ஒழுங்கு. ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் சாயம், காய்ந்த பிறகுதான் பசை. பசை பட்ட இடத்தில் சாயம் இறங்காது. வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். இணைத்த பிறகு அதை மறைக்க வழியில்லை. அதன்பின் பழமை ஏற்றுகிறார். வாசற்படியின் நடுப்பகுதியை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துக் குழிக்கிறார். பல தலைமுறையின் கால் பட்ட இடம். நாதாங்கியைச் சுற்றிக் கொஞ்சம் கருமை. எண்ணெய்க் கை பட்ட இடம். தூணில் ஆள் சாய்ந்து உட்காரும் உயரத்தில் மட்டும் ஒரு பளபளப்பு. அதைக் காட்டும்போது அவர் குரல் தணிந்தது.

ஓடுகள்தாம் பொறுமையைக் கேட்ட வேலை என்றார். காற்றில் காயும் களிமண்ணை மெல்லிய தகடாக்கி, பின்னல் ஊசியின் மேல் வளைத்து ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறார். நிறமும் ஒன்றுபோல் இல்லை. வெயில் காய்ந்தது, பாசி ஏறியது, மாற்றிவைத்த புதிய ஓடு என்று கலந்திருக்கின்றன.

முற்றத்து வீட்டில் வெளிச்சம் மேலேயிருந்து விழ வேண்டும். எல்.இ.டி. விளக்கு வரிசையை முன்சட்டத்தின் பின்னால், கண்ணாடியின் வழியே தெரியாதபடி, முற்றத்துக்கு நேர்மேலே ஒளித்திருக்கிறார். முற்றம் பளிச்சென்று இருக்க, தாழ்வாரம் பாதி நிழலில், உள்ளறை இருட்டில். எதிர்த்தாழ்வாரத்தின் நிலைக்கு அப்பால் இரண்டாம் கட்டை ஓர் அடிக்கு முக்கால் அங்குலமாகக் குறைத்து, தரையைச் சற்றே உயர்த்தியிருக்கிறார். அதனால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நெடுந்தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. தார்ன் அறைகளில் திறந்த கதவு செய்யும் வேலையை இங்கே இந்த நிலை செய்கிறது.

எடுக்காமல் போன அளவு

“அளவெல்லாம் எங்கே எடுத்தீங்க அத்தான்?” என்று கேட்டேன்.

வீடு இப்போது இல்லை. பாகப்பிரிவினையில் விற்று, வாங்கியவர்கள் இடித்துவிட்டார்கள். தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போயின. அவரிடம் இருந்தவை சில புகைப்படங்கள். ஒன்றில் அவருடைய அம்மா உள்வாசல் நிலையருகே நிற்கிறார். “அம்மா அஞ்சடி. அவங்க தலைக்கு மேல நிலை இன்னும் ஒரு முழம் இருக்கு. அப்ப நிலை ஆறரை அடி. நிலை தெரிஞ்சா தூண் தெரியும், தூண் தெரிஞ்சா உத்திரம் தெரியும். எல்லாம் அம்மாவை வச்சுப் போட்ட கணக்குதான்.”

பெட்டியின் வலப்பக்கம் ஒரு கதவு மூடியிருந்தது. அது சமையல்கட்டு. அங்கே எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அடுப்பு எந்தச் சுவரில் இருந்தது என்று அவருக்கு நினைவிருக்கிறது. சுவரின் உயரம் தெரியாது, புகைக்கூண்டின் அகலம் தெரியாது. தெரியாததைக் கற்பனையாகக் கட்ட அவர் மறுத்துவிட்டார். அதனால்தான் கதவை மூடியிருக்கிறார்.

தார்ன் அறைகள் இன்றும் நம்மை நிற்க வைப்பதற்குக் காரணம் அவை சின்னவை என்பதில் இல்லை. இருந்த வீடுகளைப் போய்ப் பார்த்து, ஆராய்ந்து, வரைந்து, அதே முறையில் தச்சர்கள் கட்டினார்கள் என்பதில் இருக்கிறது. நம்மிடமும் அதைச் செய்யும் கைகள் இருக்கின்றன. கொலுப்படிக்குக் கீழே ஊரும் தெருவும் அமைக்கிற வழக்கம் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் பழைய வீடுகளை ஊரிலிருந்து பிரித்து வந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். எல்லா வீட்டையும் அப்படிக் கொண்டுவர முடியாது. அளவை மட்டும் எல்லா வீட்டிலிருந்தும் கொண்டுவர முடியும்.

உங்கள் பூர்வீக வீடு நின்றுகொண்டிருந்தால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் வாருங்கள். நிலையின் உயரமும் அகலமும், தூணின் சுற்றளவும் உயரமும், முற்றத்தின் நீள அகலம், உத்திரத்தின் கனம், கைமரங்களின் இடைவெளி, திண்ணையின் உயரம், இவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று படம் எடுங்கள். படத்தில் ஓர் அடி ஸ்கேலும் தெரியட்டும். கூடத்தோடு நிறுத்தாமல் சமையல்கட்டு, கிணற்றடி, மாட்டுத்தொழுவம் எல்லாவற்றையும் எடுங்கள். பெட்டிக்குள் அந்த வீட்டைக் கட்டப்போவது நீங்களாகவும் இருக்கலாம், உங்கள் பேத்தியாகவும் இருக்கலாம். அளவு இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். இடிப்பதற்கு முந்தைய நாள் வரை அளக்கலாம். அதற்குப் பிறகு முடியாது.